நிரம்பிய இரண்டு போத்தல்கள்

கந்தளாயிலிருந்து திருகோணமலைக்கு வரும் வழியில், முள்ளிப்பொத்தானை தாண்டி ரோட்டோரம் ஒரு தேத்தண்ணிக் கடை இருக்கிறது. ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை பத்தரை மணிக்கு, அந்தக் கடை வாசலில் கிடந்த வாங்கில் நான் மல்லாந்து கிடந்தேன். தலை சுற்றியது. வெயில் கொளுத்துகிற நேரத்தில் உடம்பு குளிர்வதுபோல நடுங்கியது. தொடை இரண்டும் பிடித்து இழுத்தன. கடைக்கார அம்மா ஒரு பழைய நாட்காட்டி மட்டையால் விசிறிக்கொண்டே என் சைக்கிளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு திரும்பவும் சைக்கிளைப் பார்த்தார்.

“என்ன தங்கச்சி, போத்தல் ரெண்டும் நிரம்பித்தானே கிடக்கு. குடிக்கல்லையா?”

குடிக்கவில்லை. காலை ஐந்தே கால் மணிக்கு வீட்டிலிருந்து கொண்டுபோன ஒன்றரை லீற்றர் தண்ணீர், உப்பும் சீனியும் தேசிக்காய்ப் புளியும் போட்டுக் கலக்கியது, அப்படியே இருந்தது. தாகம் எடுக்காமல் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் சைக்கிளில் ஹாண்டிலை விட்டு ஒரு கையை எடுக்க எனக்குப் பயம், அவ்வளவுதான். இந்த வெட்கக்கேட்டை வீட்டில்கூட யாருக்கும் சொன்னதில்லை. கந்தளாய்க் குளக்கட்டில் நிறுத்தி ஒரு பிளேன்ரீ குடித்தேன், அதற்கு முன்னும் இல்லை பின்னும் இல்லை.

கதை விளங்க வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எனக்கு 41 வயது, கந்தோர் வேலை. 2022இல் பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது ஸ்கூட்டியை வீட்டில் விட்டுவிட்டு அம்மாவின் பழைய லேடீஸ் சைக்கிளை எடுத்தேன். அந்த ஆனி மாதக் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசாங்கமே சொல்லிவிட்டது, வேறு வழியில்லை. பிறகு எரிபொருளைப் பங்கிடக் கியூஆர் வந்தது, பெற்றோல் வந்தது, நான் மட்டும் ஸ்கூட்டிக்குத் திரும்பவில்லை. கடலில் நீந்துவது சின்ன வயதிலிருந்தே பழக்கம், டச்சு பே எங்கள் வீட்டு முற்றம் மாதிரி. ஓட்டம் இடையில் ஒட்டிக்கொண்டது. இந்த மூன்றையும் கேள்விப்பட்ட என் மச்சான் (கனடாவில் இருக்கிறார், நல்ல மனிதர், வேலையில்லாத நேரத்தில் மற்றவர்களுக்கு வேலை வைப்பார்) கோவாவில் நடக்கும் அரைத் தூர ட்ரையத்லனுக்கு என்னைப் பதியச் சொல்லிவிட்டார். 1.9 கிலோமீற்றர் கடல் நீச்சல், 90 கிலோமீற்றர் சைக்கிள், 21.1 கிலோமீற்றர் ஓட்டம். எல்லாம் சேர்த்து எட்டரை மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். முழுத் தூரம் இதைப்போல இரண்டு மடங்கு. 1978இல் ஹவாயில் முதன்முதல் நடந்தபோது 15 பேர் தொடங்கி 12 பேர் முடித்தார்களாம். அதை நான் கனவிலும் தொடவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் நேரத்தில் பாதியாவது சைக்கிளில்தான் போகும். நீச்சலில் கெட்டிக்காரியாக இருந்து நான் மிச்சம்பிடிக்கும் ஐந்து நிமிடத்தை 90 கிலோமீற்றர் ரோட்டு ஒரு வாயில் விழுங்கிவிடும். கொழும்பிலிருந்து ஜப்பான் பாவித்த ரேஸ் சைக்கிள் ஒன்றை வாங்கி, இரவு ரயிலில் ஏற்றி எடுப்பித்தேன். வளைந்த ஹாண்டில், ஒல்லி ரயர், தட்டில் வைத்த புட்டுக்குழல் மாதிரி நிற்கவும் மாட்டேன் இருக்கவும் மாட்டேன் என்று ஒரு சாமான்.

இனிக் காற்று. திருகோணமலையில் வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரைக்கும் கச்சான் அடிக்கும். நாங்கள் கச்சான் என்று சொல்லும் நிலக்கடலை இல்லை, காற்று. தென்மேற்கிலிருந்து மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, வரண்டு சூடாகி எங்களிடம் வந்து சேரும். வேடிக்கை என்னவென்றால், தரையிலிருந்து கடலைப் பார்த்து அடிப்பதால் கரையோரக் கடல் அந்த மாதங்களில் குளம் மாதிரிக் கிடக்கும். நீச்சல்காரிக்குச் சொர்க்கம், கரைக்குச் சமாந்தரமாகவே நீந்தினால் சரி, இல்லாவிட்டால் காற்று வெளியே தள்ளிவிடும். அதே காற்று ரோட்டில் முகத்தில் அறையும். கந்தளாய் எங்களுக்குத் தென்மேற்கே இருப்பதால், போகும்போது 40 கிலோமீற்றரும் நேர் எதிர்க்காற்று.

மச்சானிடம் அழுதேன். “மச்சாள், காத்தைத் திட்டாதேங்கோ. உங்களிட்ட மலை இல்லை, அதுதான் உங்கட மலை” என்றார். சூடேற்றிய வீட்டுக்குள் நிலையாக நிற்கும் சைக்கிளை மிதிப்பவர் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் அவர் சொன்னது சரி. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 25 கிலோமீற்றர் வேகத்தில் போகும் ஒருத்திக்கு எதிரே 20 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வந்தால், உடம்பில் படுவது 45. தடை மூன்று மடங்குக்கும் மேல். ஆகவே வேகமானியைப் பார்த்து மிதிப்பது முட்டாள்தனம். 25ஐப் பிடிக்கிறேன் பார் என்று அடம்பிடித்தால் தம்பலகாமம் சந்திக்கு முன்னமே கால் கதை முடிந்துவிடும். போட்டியிலும் ஒளிய இடமில்லை. முன்னால் போகிறவரின் சைக்கிளுக்குப் பின்னால் ஒட்டிப் போய்க் காற்றை மறைத்துக்கொள்ள எங்களைப் போன்றவர்களுக்கு அனுமதி கிடையாது, 12 மீற்றர் இடைவெளி விட வேண்டும். அவரவர் காற்றை அவரவர்தான் வெட்ட வேண்டும்.

ஒரு உதவி இருக்கிறது, அதுவும் இலவசம். காற்றுத் தடையில் பெரும்பங்கு சைக்கிளுக்கு இல்லை, ஓட்டுகிற உடம்புக்குத்தான். நிமிர்ந்து இருந்தால் நான் ஒரு கதவு, முழங்கையை மடித்துக் குனிந்தால் பாதிக் கதவு. அதற்கு இடுப்பும் கழுத்தும் பழக வேண்டும், முதலில் பத்து நிமிடம், பிறகு இருபது. 41 வயதுப் பொம்பிளை இப்படிக் குனிந்துகொண்டு போவதைப் பார்த்துத்தான் ஊர் சிரித்தது. இங்கே பெண்கள் சைக்கிள் ஓடுவது புதினமில்லை, ரீச்சர்மார் சேலையோடு ஓடுவார்கள். தலைக்கவசமும் கட்டைக் காற்சட்டையும் கூனலும்தான் புதினம். பெரிய ரீசேர்ட் ஒன்றை மேலே போட்டுப் பார்த்தேன், கச்சானில் அது பாய்மரம் மாதிரி விரிந்து இன்னும் இழுத்தது. ஊருக்காகப் போட்ட சட்டைக்குக் காற்றிடம் வரி கட்ட ஏலாது என்று கழற்றிவிட்டேன்.

பலம் எப்படி வந்தது என்று கேட்டால் சலிப்பான பதில்தான். வியாழக்கிழமைகளில் விடிய ஐந்து மணிக்கு நிலாவெளி ரோட்டில் பாரமான கியரைப் போட்டு, நிமிடத்துக்கு 55, 60 சுற்று மட்டும் மிதித்து, ஐந்து நிமிடம், பிறகு இலேசாக மூன்று நிமிடம், இப்படி ஆறு தடவை. சில கிழமைகளில் அதையே பத்துப் பத்து நிமிடமாக நாலு தடவை. முழங்கால் நொந்தால் உடனே நிறுத்திச் சீற்றின் உயரத்தைப் பார்ப்பது. என்னுடையது இரண்டு விரல் பதிந்திருந்தது, அதை உயர்த்திய நாளிலிருந்து நோவு இல்லை. குதியைப் பெடலில் வைத்துக் கீழே மிதித்தால் கால் நேராக வேண்டும், அதுதான் ஏழைகளின் அளவுநாடா. மற்ற நாட்களில் 85, 90 சுற்றில் இலேசான ஓட்டம்.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் நீள ஓட்டம். 40, 50, 60 கிலோமீற்றர் என்று ஏற்றி, நாலாவது கிழமை திரும்ப 40க்கு இறக்கி, பிறகு மறுபடி ஏற்றினேன். இறக்குகிற கிழமையில்தான் மனதுக்குப் பெரிய கஷ்டம், உடம்புக்குப் பெரிய லாபம். வேகத்தை எப்படி மட்டுக்கட்டுவது? எனக்குச் சக்தி அளக்கும் மானி வாங்க வசதியில்லை. பள்ளிக்கூடத்தில் பாடமாக்கிய தேவாரம் ஒன்றை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போவேன். ஒரு அடியை ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால் நீள ஓட்டத்துக்குச் சரியான வேகம், சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கினால் கூடிவிட்டது. நிலாவெளிப் பக்கம் விடியற்காலையில் யாராவது மூச்சிரைக்கத் தேவாரம் பாடிக்கொண்டு போவதைக் கேட்டிருந்தால், மன்னிக்கவும், அது பக்தி இல்லை.

இவ்வளவும் செய்துதான் அந்த வாங்கில் கிடந்தேன். கால் பலமாகத்தான் இருந்தது. போகும்போது எதிர்க்காற்றில் கந்தளாய்க்குப் போய்விட்டேன். விழுந்தது திரும்பும்போது, காற்று பின்னால் தள்ளும்போது. அதுவும் பிறகுதான் விளங்கியது. எதிர்க்காற்று கொடுமையென்றாலும் வேர்வையை உலர்த்தி உடம்பைக் குளிர வைக்கும். பின்காற்றோடு சேர்ந்து ஓடும்போது முகத்தில் ஒரு அசைவும் படாது, வேர்வை வழியுமே தவிர உலராது, அடுப்படியில் மிதிப்பது போல. வேகமாகப் போகிறோம் என்ற சந்தோசத்தில் வேகும் உடம்பை மறந்துவிடுவோம். தண்ணீரும் இல்லாமல், சாப்பாடும் இல்லாமல், ஐந்து மணித்தியாலத்துக்குக் கிட்ட.

கையை எடுக்கப் பயம் எங்கேயிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறேன். நான் சைக்கிள் பழகியது 95, 96 வாக்கில், அப்பாவின் பெரிய சைக்கிளில், பாருக்குக் கீழால் காலை விட்டு. அந்த யுத்தக் காலத்தில் சந்திக்குச் சந்தி சென்றி, ஆமிக்காரரின் காவலரண். அப்பா சொல்லித்தந்த முதல் பாடமே, சென்றி தெரிந்ததும் இறங்கு, உருட்டிக்கொண்டு போ, இரண்டு கையும் ஹாண்டிலில் இருக்க வேண்டும், சும்மா கையை அங்கே இங்கே கொண்டுபோகாதே என்பதுதான். அதுதான் காரணம் என்று சொன்னால் கதைக்கு அழகாக இருக்கும். என்னோடு பழகிய என் தங்கச்சி இரண்டு கையையும் விட்டுவிட்டு ஓடுவாள், அவளுக்கும் அதே அப்பா, அதே சென்றி. ஆகவே தெரியாது. பயம் இருந்தது, அவ்வளவுதான்.

விழுந்த அடுத்த கிழமை உப்புவெளிக்கும் சாம்பல்தீவுக்கும் இடையில் ஒரு மீன் வியாபாரி என்னை முந்திக்கொண்டு போனார். வயது அறுபதுக்கு மேல். துருப்பிடித்த சைக்கிள், பின்னால் கரியரில் மீன்பெட்டி, மேலே தராசு. வலது கை ஹாண்டிலில், இடது கை ரப்பர் குண்டு ஹோர்னை அமத்திக்கொண்டிருக்கிறது, பாப் பாப் என்று. குறுக்கே நின்ற மாட்டை விலத்தினார், ஒரு வீட்டுக்காரி கூப்பிடத் திரும்பிப் பார்த்தார், சைக்கிள் ஒரு முழம் கோணவில்லை. எனக்கு வந்த பொறாமையைச் சொல்லி மாளாது. அவர் மீன் நிறுக்க நின்ற இடத்தில் நானும் நின்று, கூச்சத்தை விட்டுக் கேட்டேன்: “ஐயா, ஒரு கையால ஓடுறது எப்படி?”

அவர் என் சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். “இவ்வளவு காசு குடுத்து வாங்கிப்போட்டு இதைக் கேக்கிறியே பிள்ளை” என்றார். சூடை மீனை நிறுத்துக் கொடுத்துவிட்டு, “கையால பிடிச்சா விழுவாய். இடுப்பால பிடி. கை சும்மா மேல கிடக்கட்டும்” என்றார். அதோடு ஹோர்னை அடித்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து வாசித்துப் பார்த்தால் அந்த மனிதர் சொன்னது பௌதிகம். ஓடும் சைக்கிள் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் முன்சில்லைத் தானே கொஞ்சம் திருப்பித் தன்னைச் சரிசெய்துகொள்ளும். நாம் ஹாண்டிலை இறுக்கிப் பிடித்தால் அந்தச் சின்ன அசைவைத் தடுக்கிறோம். இறுக்க இறுக்க ஆடும், ஆட ஆட இறுக்குவோம். மெதுவாகப் போனால் பாதுகாப்பு என்று நான் ஊர்ந்ததும் பிழை, வேகம் குறைந்தால்தான் தளும்பல் கூடும்.

ஏகாம்பரம் மைதானத்தில் காலையில் ஆள் வர முன்னம் தொடங்கினேன். முதல் நாள் ஒரு கையின் விரல்களை மட்டும் விரிப்பது. அடுத்தது கையை ஹாண்டிலுக்கு மேலே ஒரு அங்குலம் தூக்கிப் பிடிப்பது. பிறகு தொடையைத் தொட்டுவிட்டு வருவது. பிறகு போத்தலைத் தொடுவது, எடுக்காமல். எடுப்பது. எடுத்துத் திரும்ப வைப்பது, அதுதான் எல்லாவற்றிலும் மோசம், கூட்டுக்குள் போத்தல் போக மறுக்கும், குனிந்து பார்த்தால் சைக்கிள் பார்க்கிற பக்கம் போகும். கண்ணை ரோட்டில் வைத்துக் கையால் மட்டும் தேடப் பழக ஒன்பது நாள் பிடித்தது. இரண்டு போத்தல் உடைந்தது. இரவில் வீட்டில் பத்துக் கிலோ அரிசிப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்து எழும்புவது, முழங்கையை ஊன்றிப் பலகை மாதிரிக் கிடப்பது, இதெல்லாம் இடுப்புக்காக. அது பலமில்லாமல் கை இலேசாகாது, மீன்கார ஐயாவுக்கு நாற்பது வருசமாக மீன்பெட்டி செய்த வேலை அது.

ஒரு கை விடுபட்டதும் மற்றதெல்லாம் அடுக்கடுக்காக வந்தது எனக்கே ஆச்சரியம். வலது தோளுக்கு மேலால் பின்னால் திரும்பிப் பார்க்கலாம், கைகாட்டித் திரும்பலாம். முன்பு பின்னால் பஸ் ஹோர்ன் கேட்டால் மணலுக்குள் இறங்கிவிடுவேன், ஒல்லி ரயர் மணலில் புதைந்து சாய்வேன். இப்போது கரையிலிருந்து ஒரு முழம் உள்ளே எனக்கென்று ஒரு கோடு பிடித்து ஓடுகிறேன். கரையோடு ஒட்டி ஓடினால் இடமில்லாத இடத்திலும் முந்தப் பார்ப்பார்கள், கொஞ்சம் உள்ளே ஓடினால் யோசித்து விலத்துகிறார்கள். எல்லோரும் இல்லை. திட்டுகிறவர்களும் உண்டு.

கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்கு ஏறும் ரோட்டில் இறக்கம் பழகினேன், கடைகள் திறக்க முன்னம். கட்டைக் காற்சட்டையோடு கோயில் வாசல் வரைக்கும் போவதில்லை, கீழேயே திரும்பிவிடுவேன். வளைவுக்கு முன்னமே பிறேக், வளைவுக்குள் பிறேக் இல்லை, முன்பிறேக்கில்தான் நிறுத்தும் பலம் கூட, ஆனால் உடம்பைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு. புத்தகம் சொல்வது இவ்வளவு. நடு ரோட்டில் மான் நின்றால் என்ன செய்வது என்று எழுதியிருக்கவில்லை. ஹலோ என்றேன், போய்விட்டது.

பெடலில் பூட்டிக்கொள்ளும் கிளிப் சப்பாத்துக் கதையும் இருக்கிறது. மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் நின்று, காலைக் கழற்ற மறந்து, நின்ற இடத்திலேயே வெட்டின வாழை மாதிரிச் சாய்ந்தேன். நாலு ஓட்டோக்கார அண்ணாமார் ஓடிவந்தார்கள். அடியைவிட அவர்கள் வாங்கித் தந்த சோடாவைக் குடிக்கும்வரை அங்கேயே நிற்க வேண்டியிருந்ததுதான் கஷ்டம்.

சாப்பாடு கை எட்டினால்தானே வாய்க்கு வரும். இப்போது இருபது நிமிடத்துக்கு ஒருக்கால் மணிக்கூடு கத்தும், நாலைந்து மிடறு குடிப்பேன். மணித்தியாலத்துக்கு 60 கிராம் மாச்சத்து என்பது கணக்கு. ஒரு வாழைப்பழமும் நாலைந்து பேரீச்சம்பழமும் கிட்டத்தட்டப் பக்கத்தில் வரும். முதலில் கச்சானில் கச்சான் அல்வா சாப்பிட்டுப் பார்த்தேன், சொல்ல நன்றாக இருக்கிறது, கொழுப்புக் கூட என்பதால் வயிற்றில் கல்லாகக் கிடந்தது. போத்தலில் இப்போது ஜீவனி, வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்புச் சீனித் தூள். போட்டியில் தண்ணீர்ப் போத்தலை ஓடுகிற ஓட்டத்தில் நீட்டுவார்கள், ஒரு கையால் பறித்துக்கொண்டு போக வேண்டும். தங்கச்சியின் மகனைக் கேற்றடியில் போத்தலோடு நிறுத்திப் பழகினேன். முதல் நாலு தடவையும் அவன்தான் நனைந்தான்.

போன மாதம் புல்மோட்டைக்குப் போய் வந்தேன், போக வர 110 கிலோமீற்றர். இறக்கக்கண்டிப் பாலத்தில் விடிந்தது. கச்சான் இடது தோளில் குத்திக்கொண்டே வந்தது, பக்கக்காற்றுக்கு ஹாண்டிலை இறுக்காமல் சைக்கிளைக் கொஞ்சம் காற்றுப் பக்கம் சாயவிட வேண்டும். குச்சவெளிக்கு அங்கால் ரோட்டு நீளத்துக்கு மாடுகள் படுத்திருந்தன. இல்மனைற்று மணல் அள்ளும் ஊருக்குப் போய், வாழைப்பழம் சாப்பிட்டுத் திரும்பினேன். வீட்டு வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு உடனே ஐந்து கிலோமீற்றர் ஓட வேண்டும் என்பது மச்சானின் கட்டளை. முதல் கிலோமீற்றர் என் கால்கள் வேறு யாரோ வீட்டுக் கால்கள். மூன்றாவதில் திரும்பி வந்தன. நாலு போத்தல் முடிந்திருந்தது, இரண்டை வழியில் கடையில் நிரப்பியிருந்தேன்.

இன்னும் மூன்று கிழமை. சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் போட்டு விமானத்தில் ஏற்ற வேண்டும். நேற்று இரவு பெடல்களைக் கழற்றத் தொடங்கினேன். வலது பெடல் உடனே வந்துவிட்டது. இடதுடன் ஒரு மணித்தியாலம் மல்லுக்கட்டினேன், எண்ணெய் விட்டேன், சுடுதண்ணி ஊற்றினேன், பெடல் கழற்றும் சாவியில் ஏறி நின்றேன். காலையில் சைக்கிள் கடை அண்ணையிடம் கொண்டுபோனால், அவர் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். இடது பெடலுக்கு மரை மறுபக்கமாம். கழற்றுகிறேன் என்று இராமுழுக்க நான் இறுக்கியிருக்கிறேன். “தங்கச்சி, பின்னேரம் வாங்கோ, பார்ப்பம்” என்றிருக்கிறார்.